பெட்டியில் வைத்த ரோஜா

வெயில்தான் பூவுக்கு எமன் என்பார்கள். அன்புச்செல்விக்கு மெக்கானிக்தான் எமன். சித்திரை முகூர்த்தத்துக்கு முதல் நாள் பார்த்து அவள் பூக்கடைக் குளிர் அறை நின்றுபோனது. மெக்கானிக் துரை நாளைக்குத்தான் வருவாராம். உள்ளே ஓசூர் ரோஜாக் கட்டுகள். போன மாதம் வேங்கிக்கால் மண்டபத்தில் தாலி கட்டும்போதே மேடை ரோஜா பொலபொலவென்று கொட்டிவிட்டது. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றிருந்தார் மண்டபத்துக்காரர். நாளைக் கல்யாணமும் அங்கேதான்; அந்த மண்டபம் கைவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

பக்கத்துக் கடை காசிம் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவர். ஒரு பெட்டி சும்மா கிடந்தது.

"பாய், காலையில வரைக்கும் குடுங்க. நாலு டிகிரியில வச்சா ஒரு இதழ்கூட உதிராது."

"கல்யாணப் பூவ இதுலயா வப்ப?"

"யாருக்குத் தெரியப்போவுது?" பெட்டியைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டாள்.

மதியம் காசிமுக்குப் போன் வந்தது. கீழ்பென்னாத்தூரில் எல்லம்மாள் என்றொரு அம்மா இறந்துவிட்டார்; துபாயிலிருந்து மகள் நாளைக்கு வந்து முகம் பார்க்க வேண்டும், உடனே பெட்டி வேண்டும்.

காசிம் போனைப் பொத்திக்கொண்டார். "பூவ எடுத்துரும்மா."

"பாக்ஸ் வெளிய போயிருக்குன்னு சொல்லுங்க பாய். அவங்களுக்கு வேற எங்கியாவது கெடைக்கும்."

நாமெல்லாம் மனுஷ ஜென்மமா என்று அவளுக்கே இருந்தது. இருந்தும் மூடியைத் திறக்கவில்லை. காசிம் அப்படியே சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கல்யாணம் ஜோராக நடந்தது. ஒரு இதழ் விழவில்லை. ஆவணிக்கும் அவளையே வரச் சொன்னார் மண்டபத்துக்காரர்.

மிஞ்சிய ரோஜாவோடு கடைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் செங்கம் பக்கமிருந்து வந்த கார் ஒன்று வாசலில் நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் இறங்கி மாலை கேட்டாள். அன்புச்செல்வி கட்டத் தொடங்கினாள்.

"எந்த ஊரும்மா?"

"கீழ்பென்னாத்தூர். பெங்களூர்ல எறங்கி நேரா வரேன். அம்மா தவறிட்டாங்க. ஃப்ரீசர் பாக்ஸ் எங்கியும் கெடைக்கல, வெயில் தாங்காதுன்னு நேத்தே எடுத்துட்டாங்க. மொகத்தக்கூடப் பாக்கலக்கா. இனி படத்துக்குத்தான் போடணும்."

அந்தப் பெண் ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த வெயில்லயும் எப்படிக்கா அப்படியே இருக்குது? எதுல வச்சிருந்தீங்க?"

"குளிர்ல வச்சிருந்தேன்மா" என்றாள். அதற்கு மேல் உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.