பால்சுறாவின் தோல்

வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கை சரிதா, அவள் பெற்ற பதினோரு நாள் பெண் குழந்தை, அவள் மாமியார் மாணிக்கம்மாள், அவள் புருஷன் அருணகிரி, நான். வெந்நீர்ச் சட்டியில் பாதி பால்சுறாக் கருவாடு.

சரிதாவுக்குப் பால் ஊறவில்லை. புட்டிப்பாலைக் குழந்தை கக்கிக்கொண்டே இருந்தது. இன்று பத்து மணி பஸ்ஸுக்குள் ஊறாவிட்டால், படவேட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் தன் மகள் தேவியிடம் குழந்தையைக் கொண்டுபோய் விடுவதாக மாணிக்கம்மாள் சொல்லியிருந்தாள். ஆறு மாதத்துக்கு. தோல் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, தின்றால் பால் ஊறும் என்று நேற்றுக் காலை வாணியம்பாடியில் இந்தக் கருவாட்டை வாங்கி மலை ஏறினேன். நேற்று இரண்டு வேளை தின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. இது மிச்சம்.

கத்தியால் தோலைச் சுரண்டினேன். மணல் மாதிரி உதிர்வது செதில் இல்லை, பல். உடம்பு முழுக்கப் பல். இரண்டாம் வருஷ விலங்கியல் பரீட்சையில் சுறாவின் பரிணாமத்தைக் கேட்டிருந்தார்கள். மூதாதைக்கு எலும்பு இருந்தது, சுறா அதை விட்டுத்தொலைத்துக் குருத்தெலும்போடு பிழைத்தது என்று எழுதினேன். முகத்தின் நுனியில் இருந்த வாய் அடியில் இறங்கியது என்று எழுதினேன். பூமியில் மரம் வருவதற்கு முன்பே அது கடலில் இருந்தது. தோலின் பல் வாய்க்குள் போனதா, வாயின் பல் தோலுக்கு வந்ததா என்ற இடத்தில் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். அப்புறம் கல்லூரிக்குப் போகவில்லை. காரணம் ஒன்றும் கிடையாது.

சுரண்டியதை உதிர்த்து வதக்கிய சுறாப்புட்டைச் சரிதா தட்டில் கிளறினாள். "இன்னாண்ணா, முள்ளே இல்ல?"

"அதுக்கு எலும்பே கெடையாது."

"குட்டிக்கு எப்டி பால் குடுக்கும்?"

"குடுக்காது. பொறந்ததும் குட்டி தானா போய்டும். ஆத்தாக்காரி திரும்பிக்கூட பாக்க மாட்டா."

"குடுத்து வெச்சவ," என்றாள். சிரிக்கவில்லை.

மாணிக்கம்மாள் துணிப்பையோடு வாசலில் நின்றாள். "கடலே மலையேறி வந்துச்சேம்மா, இன்னா ஆச்சு? ஒரு சொட்டாவது வந்துச்சா?"

சரிதா தட்டைத் தள்ளிவைத்தாள். அருணகிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது.

"குடு புள்ளைய. பஸ்காரன் நமக்காக நிக்க மாட்டான்."

சரிதா எழுந்தாள். கைகூடக் கழுவவில்லை. தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். மாணிக்கம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். சரிதா அந்தக் கைகளைத் தாண்டி, சாமை மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்குள் போனாள்.

"ஏய், இன்னாடி இது!"

"மச்சான், நீங்களாவது சொல்லுங்க," என்றான் அருணகிரி.

என் விரல்களில் சுறாவின் பற்கள் ஒட்டியிருந்தன. வேட்டியில் துடைத்தேன், போகவில்லை. ஹார்ன் இன்னொரு முறை, பக்கத்தில் கேட்டது. குழந்தை வீறிட்டது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.