வாட்ச்மேன் கொடுத்த வார்த்தை

வேங்கடாசலத்துக்கு வார்த்தை என்றால் பயம். வாயால் பேசுகிற பேச்சுக்கில்லை. அதை அவர் நாளெல்லாம் பேசுவார். ஒருத்தன் எதிரில் வந்து நின்று "ஒரு வார்த்தை குடு" என்று கேட்டால்தான் நழுவப் பார்ப்பார். கொடுத்தால் கொடுத்ததுதான், அப்புறம் அதைச் சுமந்துகொண்டே சாகவேண்டியதுதான் என்பது அவர் எண்ணம்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஆறு வருஷமாக வாட்ச்மேன். அதற்கு முன்னால் விஜயபுரத்துப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் கூலி. லாட்ஜில் வேலையோடு சேர்த்து ஜெனரேட்டர் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் அவர் பெண்சாதி கன்னிகா. ஆவணி மாதத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பின் கேட்டு வழியாக ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு பெண் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பாள். ஊரில் இதெல்லாம் ஏது? வேலை இருந்தால் அறை இருக்கும். அறை இருந்தால் கன்னிகாவின் கால் தேறும். அவ்வளவுதான் விஷயம்.

முதலாளிக்கு இது தெரியாது. வீட்டில் சீக்காளி என்று தெரிந்தால் கிளப்பிவிடுவான் என்று வேங்கடாசலம் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருந்தார்.

தினமும் விடிந்ததும் அறைச் சுவரைப் பிடித்து அவளை நடக்கவிடுவார். நாலு அடி வைப்பாள், உட்கார்ந்துவிடுவாள்.

"ஆவாதுய்யா."

"ஆவும். எழுந்திரு."

"ஆவாதுன்றேன்."

"ஆவும்ன்றேன் இல்ல?"

டிசம்பர் மாதக் கடைசியில் முதலாளி சுரேஷ்பாபு பெங்களூரில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை எடுத்துக்கொள்ளவேண்டுமாம். அது ரிசப்ஷன் போர்டில் பேருக்கு எதிரே இருக்குமாம். வருஷம் பூராவும் அதன்படி நடக்கவேண்டுமாம்.

"தலா ஒக்க மாட்ட இய்யண்டி" என்றார் தெலுங்கில். ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுங்கள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். வேங்கடாசலம் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு எழுதி வாங்கறான்? நாளிக்கி இத காட்டியே அனுப்பிடறதுக்கா?" என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுத்தார்.

தரை துடைக்கிற ஜமீலா வாளியைக் கீழே வைத்தாள். "நான் 'சுத்தம்'னு குடுத்துட்டேண்ணா. உனுக்கு இன்னா கேடு?"

"நீ தொடப்பம் புடிக்கறவ. உனுக்கு அது லேசு."

"குடுக்காதே போ. உன் பேருக்கு எதிர காலியா கெடக்கும். காலியா கீற எடத்துலதான் மொதலாளி கண்ணு போவும்."

அது வேலை செய்தது.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் ரிசப்ஷன் பெண் அக்ஷயா மார்க்கரும் கையுமாக கேட்டுக்கு வந்தாள். பலமனேர்க்காரி. தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. "தாத்தா, நீங்க மட்டும்தான் பாக்கி."

வேங்கடாசலம் யோசித்தார். காலையில் கன்னிகாவிடம் சொன்ன சொல்தான் வாயில் நின்றது. ஆவும். ஆனால் போர்டில் ஏறப்போகிற சொல். கேட்டண்டை பேசுகிற மாதிரி கொச்சையாகச் சொல்லலாமா? இரண்டாம் வகுப்பு வாத்தியார் காதைத் திருகிக் கற்றுக்கொடுத்த எழுத்துத் தமிழ் ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஆகும்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"ஆகு?" என்றாள் அக்ஷயா.

"அதான்."

அவள் சிரித்துக்கொண்டே போய்த் தெலுங்கில் எழுதினாள். வேங்கடாசலத்துக்குத் தெலுங்கு காதில் ஏறும், கண்ணில் ஏறாது. பார்த்துவிட்டு வந்த ஜமீலா, "வாட்ச்மேனுக்கு ஏத்த வார்த்தைதாண்ணா" என்றாள். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் முதலாளி உள்ளே கூப்பிட்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தாயனா, போர்டு பாத்தேன். நாக்கு அர்த்தமயிந்தி, புரிஞ்சுது. வாயால சொல்ல கஷ்டம், அதான் ஒரே வார்த்தையில சொல்லிட்ட. சங்கராந்தி வரைக்கும் இரு. அப்புறம் ஹரிபாபுன்னு ஒருத்தர் வர்றாரு. நீ நிம்மதியா ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு."

வேங்கடாசலம் பயந்தது இதைத்தான். நினைத்தது நடந்துவிட்டது. வார்த்தையை வாங்கி, அதை வைத்தே கழுத்தை அறுத்துவிட்டான். "செரி சார்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியை இழுத்துப்போட்டுத் தட்டு டம்ளரையெல்லாம் அள்ளிப் போட்டார்.

"இன்னா பண்ற?" என்றாள் கன்னிகா.

"ஊருக்குப் போறோம். ஆகும்னு வார்த்த குடுத்தேன். அதுக்குப் போன்னுட்டான்."

"ஆகும்னா ஏன் போவ சொல்லணும்? கேட்டியா?"

"கேக்கமாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா இன்னும் ரெண்டு சொல்லுவான்."

கன்னிகா விடவில்லை. "என் காலுக்கு மட்டும் தெனம் ஆவும் ஆவும்னு கத்தற. உன் வாயி தொறக்கறதுக்கு ஆவாதா?"

இடது கையால் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"ஏமே, எங்க போற?"

"அந்த போர்டுல இன்னா எழுதிகீதுன்னு பாக்க. நான் நகரியில மூணாங் கிளாசு வரிக்கும் தெலுங்குல படிச்சவ. நீ மறந்துட்ட."

நாலு அடியில் உட்காருகிறவள் அன்று உட்காரவில்லை. ஜெனரேட்டரைத் தாண்டினாள். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். வேங்கடாசலம் அவள் இடுப்பில் கைகொடுக்கப் போனார், தட்டிவிட்டாள். வராந்தாவில் ஜமீலா வாளியை நழுவவிட்டாள். "அடியே, மூட்டுவலின்னாரு உன் ஆம்படையான்! கால இப்டி இழுத்துக்கினு வர?"

போர்டுக்கு முன்னால் நின்று கன்னிகா எழுத்துக் கூட்டினாள். "வாட்ச்... மென். ஆ... கு."

திரும்பினாள். வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரிப்பு வந்தது. "யோவ், 'நில்லு'ன்னு எழுதிகீதுய்யா."

"இன்னாது?"

"தெலுங்குல ஆகுன்னா நில்லு. நீ தெனம் காருக்காரனுங்கள கத்தற இல்ல, ஆகு ஆகுன்னு, அந்த ஆகு. வேலைய நிறுத்திக்கறேன்னு நீயே எழுதிக் குடுத்துகீற. மொதலாளி வேற இன்னா நெனப்பாரு?"

ஒரு நாளைக்கு நூறு தரம் கத்துகிற சொல். தன் வார்த்தையும் அதுவும் ஒன்றாகக் காதில் விழும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நீங்கதானே தாத்தா சொன்னீங்க!" என்றாள் அக்ஷயா, முகம் சிவந்து. "தமாஷுக்குக் குடுத்தீங்கன்னு நெனச்சேன்."

சத்தம் கேட்டு சுரேஷ்பாபு வெளியே வந்தார். அவர் பார்வை போர்டுக்குப் போகவில்லை, கன்னிகாவின் காலுக்குப் போனது. "ஏமயிந்தம்மா? என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஆவணியிலிருந்து நடந்ததையெல்லாம் அவள் தெலுங்கிலேயே சொன்னாள். கேட்டு முடித்து அவர் வேங்கடாசலத்தைப் பார்த்தார்.

"ஆறு வருஷம் இங்க இருக்க. ஏன் பெத்தாயனா சொல்லல?"

"சொன்னா அனுப்பிடுவன்னுதான்" என்றார் வேங்கடாசலம் பட்டென்று.

"சொல்லாமலே அனுப்பத்தானே இருந்தேன்."

முதலாளி தலையைச் சொறிந்தார். "ஹரிபாபுக்கு நான் மாட்ட குடுத்துட்டேன்."

"குடுத்தா குடுத்ததுதான் சார்" என்றார் வேங்கடாசலம். அந்த நாளில் அவருக்குச் சரியாக விளங்கியது அது ஒன்றுதான்.

"அவரு நைட்டு பாக்கட்டும். நீ பகல் பாரு. அவரு உள்ளூரு, ரூம் வேணாம். ரூம் உனக்குத்தான்."

வேங்கடாசலம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "இது நெஜந்தானா, இல்ல சங்கராந்திக்கு மாத்திடுவியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டோமே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலாளி சிரித்துவிட்டார்.

அக்ஷயா போர்டை அழிக்கத் துணியை எடுத்தாள். வேங்கடாசலம் மார்க்கரை வாங்கிக்கொண்டார். தெலுங்குச் சொல்லுக்குக் கீழே தமிழில் பெரிதாக எழுதினார்: ஆவும். இந்த முறை வாத்தியாரை நினைக்கவில்லை.

"கொச்சையா கீதே" என்றாள் கன்னிகா.

"கெடக்கட்டும்."

"செரி, நாற்காலி போடு. திரும்பி நடக்க என்னால ஆவாது."

வாயைத் திறந்து அவர் வழக்கமான பதிலைச் சொல்வதற்குள் வெளியே டயர் சத்தம். திருமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு கார் பின்பக்கமாகவே கேட்டுத் தூணை நோக்கி வந்துகொண்டிருந்தது. வேங்கடாசலம் மார்க்கரோடு ஓடினார்.

"ஆகு! ஆகு! யோவ், ஆகு!"

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கன்னிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.