பெரிய கேமராவில் ஒரு படம்

சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கிய மகன் கிறிஸ்டோவின் கையைத் தேவகுமாரி எட்டிப் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் பொறு சாமி. சார் வந்துருவாரு.”

“காலைல இருந்து இதத்தாம்மா சொல்ற. ஃபாதர் கல்லறைத் தோட்டத்துக்கே போயிட்டாரு. போன்ல நானே எடுத்துடறேன், எல்லாரும் சுத்தி நில்லுங்க.”

“போன்ல வேண்டாம்.”

வாழவந்தி ஊர்ச்சனம் வாசலில் குடையும் கையுமாக நின்றது. காலையில் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. செத்துக் கிடந்த அவள் புருஷனோடு எஸ்டேட்டில் வேலை பார்த்த நல்லமுத்து, “படுத்துக் கெடக்கறவனே பேசாம இருக்கறான், உனக்கென்னடா அவசரம்” என்று கிறிஸ்டோவை அதட்டினான்.

அவள் காத்திருந்தது ரொனால்ட் சாருக்காக. மலைமேல் பங்களா வாங்கிக் குடிவந்த படக்காரர். அவருடைய பெரிய கேமராவையும் அதன் மூன்று கால் கட்டையையும் காடு மேடெல்லாம் சுமந்தவன் அவள் புருஷன் பாக்கியநாதன். சார் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்ப்பார். பின்பக்கக் கண்ணாடியில் மலை தலைகீழாகத் தெரியும். அப்புறம் வெயில் வரக் காத்திருப்பார், மூடுபனி விலகக் காத்திருப்பார், காற்று நிற்கக் காத்திருப்பார். விடியப் போனால் பொழுது சாய ஒரே ஒரு படம்.

“சின்னக் கேமரா ஆடு மாதிரி, கண்ட எடத்துல வாய வெக்கும். இது பசு. நின்னு அச போடும்” என்பான் பாக்கியநாதன், தானே வாங்கிக் கட்டிய பசுவைச் சொல்வதுபோல.

அந்தக் கேமராவில் அவனை மட்டும் எடுக்க முடியாமலே போயிற்று. மூச்சை அடக்கி நிற்கச் சொன்னால் போதும், நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் கிளம்பிவிடும். “ஆடிட்டே பாக்கியம், கலங்கிப் போச்சு” என்பார் சார். போன தை மாதம் இதே வாசலில் காபி குடித்தபடி அவன் சொன்னான்.

“செத்தா அசைய மாட்டேனுங்க சார். அப்ப எடுங்க.”

சார் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்டிப்பா எடுக்கறேன் பாக்கியம். இதே கேமராவுல” என்றார். தேவகுமாரி பக்கத்தில் நின்று கேட்டவள்.

ஜீப் வந்தது. சார் இறங்கினார். கழுத்தில் சின்னக் கேமரா தொங்கியது. பெரியது வண்டிக்குள் இருக்கும் என்று நினைத்து அவள் எல்லோரையும் நிறுத்தினாள். மருமகள் அபிஷா தலைமாட்டில், கிறிஸ்டோ கால்மாட்டில், அவள் இடது பக்கம்.

“யாரும் ஆடாதீங்க. சார் சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

சார் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினார். டக் டக்கென்று ஏழெட்டுச் சத்தம். நடந்துகொண்டே எடுத்தார்.

“போதும்மா. நல்லா வந்திருக்கு.”

“ஏனுங்க சார், பெரிய கேமரா?”

கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார். “ரெண்டு ஃபிலிம்தான் இருக்கு தேவகுமாரி. மழை விட்டிருக்கு, கிளியூர் அருவிப் பக்கம் பனி ஏறுது. இந்த வெளிச்சத்துக்குத்தான் இத்தன நாளா காத்திருக்கேன். இதுலயும் தெளிவா இருக்கும், கிறிஸ்டோ போனுக்கு இப்பவே அனுப்பிடறேன்.”

“அவரு இப்ப அசைய மாட்டாருங்க சார்.”

சார் சவப்பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார். பின் சீட்டில் கொட்டச்சேட்டு ஊர்ப் பையன் மாதேஷ் பெரிய கேமராவைக் குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தான். அவன் தோளில் பாக்கியநாதனின் சும்மாட்டுத் துணி. தோள் காய்த்துப்போகிறதே என்று தேவகுமாரி தன் கல்யாணச் சேலையை நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்தது. அவளைக் கண்டதும் மாதேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. “நொம்ப நேரமாச்சு, தூக்குங்கப்பா” என்று யாரோ சொல்ல, நின்றவர்கள் கலைந்தார்கள். கிறிஸ்டோவின் போன் அடுத்தடுத்துச் சத்தம் போட்டது.

“நல்லாத்தாம்மா வந்திருக்கு, பாரு. அப்பா மொகம் பளிச்சுனு இருக்கு.”

தேவகுமாரி பார்க்கவில்லை. இடது பக்கத்தில், நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கை பெட்டியின் விளிம்பில் இருந்தது. கண் நேராக வாசலைப் பார்த்தது.

“அம்மா, மூடிரலாமா?”

ஜீப்பின் சத்தம் காபித் தோட்டத்து வளைவைத் தாண்டித் தேய்ந்தது. அதுவரைக்கும் அவள் மூச்சு விடவில்லை.