பழக்கம் இல்லை

பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அண்ணன் பச்சைத் திரையை இழுத்து மூடினார். உள்ளே தம்பி மாவுக்கட்டுப் போட்ட காலோடு கிடந்தான். போர்வை முகம்வரை ஏறியிருந்தது. உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டாக்டர் படிவத்தோடு உள்ளே வந்தாள். சின்னப் பெண், முப்பது வயதிருக்காது.

"சார், சேர்க்கும்போது கேட்டதுதான். திரும்பக் கேக்கறேன். இவருக்குக் குடிப் பழக்கம் இருந்துச்சா?"

"அன்னிக்கே சொன்னேனேம்மா. எங்க குடும்பத்துல அந்த வாடையே கிடையாது."

"கால் ஒடிஞ்சு வந்தவர் சார். மூணாம் நாள் வலிப்பு வந்து போயிட்டார். தினமும் குடிக்கிறவங்களுக்குத் திடீர்னு நின்னா இப்படி வரும். நடுக்கம், எறும்பு ஊருதுன்னு அலறல், அப்புறம் வலிப்பு. எங்களுக்குச் சந்தேகம் வந்து மருந்து மாத்தறதுக்குள்ள கை மீறிடுச்சு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா..."



அண்ணன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். நேற்று தம்பி, "அண்ணே, ஒரு மூடி... ஒரே ஒரு மூடி" என்று கெஞ்சியபோது அந்தக் கையால்தான் அவன் வாயைப் பொத்தினார். "கத்தாதடா, நாலு பேர் காதுல விழும்." உள்ளங்கைக்குள் அவன் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு நின்றன. அடங்கிவிட்டான் என்றே நினைத்தார்.

தம்பி தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். அவன் கத்திரி பட்டால் துணி தானாக விலகும் என்பார்கள். அந்தக் கை நடுங்கி, வாடிக்கையாளர் துணிகள் கோணலாக வெட்டுப்பட்டபோது, கண்ணில் புரை என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அண்ணன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இருபது வருடமாக மறைத்தார். மறைக்க மறைக்கக் கடை போயிற்று, தையல் இயந்திரங்கள் போயின, கடைசியில் சொந்த வீடும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால், வெறும் குடிகாரனின் அண்ணன் என்று மட்டுமா ஆகும்? மறைத்து மறைத்தே தம்பியைச் சாகவிட்டவன் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் மிச்சக் காலம். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்.

ஸ்டூலில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். சேர்த்த அன்று இதே கேள்விக்கு, "டாக்டர், அவரு..." என்று வாயெடுத்தவளை, "நீ சும்மா இரும்மா" என்று அடக்கியவர், இன்று அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மறுக்க மாட்டார். தலையைக் குனிந்துகொள்வார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள் டாக்டர்.

தம்பி மனைவி தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கண்ணில் ஈரமே இல்லை.

"மாமா சொன்னதையே எழுதிக்குங்க. கை நடுங்குச்சு, கண்ணுல புரைன்னாரு. கடை போச்சு, நேரம் சரியில்லன்னாரு. ராத்திரி அடி வாங்குனேன், படியில விழுந்துட்டாள்னாரு. எங்க வீட்டுல அவர் வாயில வந்ததுதான் சட்டம். நான் எதுக்குப் புதுசா பேசணும்?"

"இல்லம்மா, நீ..." என்றார் அண்ணன்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகு, "பழக்கம் இல்லை என உறவினர் தெரிவித்தார்" என்று எழுதி, படிவத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"தெரிவித்தவர் கையெழுத்து, இங்க சார்."

அவர் போட்டார். முத்து முத்தான எழுத்து. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வாசலில் அண்ணனின் மைத்துனன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஒரு சொட்டுத் தொடாத மனுஷனுக்கா மாமா இந்தச் சாவு!"

"ஆமாப்பா" என்றார்.

வண்டியில் உடலுக்குப் பக்கத்தில் உட்கார ஒரே ஒரு பலகை. தம்பி மனைவி ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த காலியிடத்தில் தன் துணிப்பையை எடுத்து வைத்தாள். அதை நகர்த்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டது. கூரை தாழ்வு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை கழுத்தை மடக்கிக் குனிந்தபடியே நின்றார்.