இன்றைக்குக் கோல் யார் வீட்டில்

அடுப்பில் கொதித்த நத்தைக் குழம்பை அப்படியே விட்டுவிட்டு, சேற்று வரப்பில் வெறுங்காலோடு ஓடினாள் ஜோகனி. அவளுடைய கொழுந்தன் மனைவி புத்னி மூச்சிரைக்கப் பின்னால் வந்தாள்.

"கோலை எதுக்குக்கா தூக்கிட்டு ஓடற? முகாம்காரன் அதாலயே நம்மள அடிக்கவா?"

"அத்தாட்சிடி. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

நேபாளத்தில், கர்ணாலி ஆற்றங்கரையில், வன விலங்குப் பூங்காவை ஒட்டிய அந்த இடம் ஒரு காலத்தில் மொட்டைத் திடல். ஊர் கூடி அதைக் காடாக்கியது. அந்தச் சால் மரக்கோல் எந்த வீட்டு வாசலில் சாய்ந்திருக்கிறதோ, அந்த வீட்டு ஆள்தான் அன்று காவல். சாயங்காலம் திரும்பி, அடுத்த வாசலில் சாய்த்துவிட வேண்டும். இன்று ஜோகனி வீட்டு முறை. காவலுக்குப் போன அவள் புருஷன் லௌடனைப் பூங்காக் காவல் முகாம் சிப்பாய்கள் கையைக் கட்டி இழுத்துப் போனதைப் பார்த்ததும், கீழே கிடந்த கோலை எடுத்து வந்ததும் புத்னிதான்.

முகாம் கொட்டகையில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தான் லௌடன். "நத்தை கருகிடும். வீட்டுக்குப் போ," என்றான்.

"கொடுவாளோட காட்டுக்குள்ள நின்னான்," என்றார் ஹவல்தார்.

"சாப், அவரு மரம் வெட்ட வர்றவனைப் பிடிக்கப் போனவரு. இதோ பாருங்க, ஊர்க் கோல்," என்று நீட்டினாள் ஜோகனி.

"எங்க வீட்டுல மாடு மேய்க்க இதைவிட நல்ல கோல் இருக்கு."

"அந்த மாட்டை எங்க காட்டுப் பக்கம் விட்டுடாதீங்க சாப்," என்றாள் புத்னி. "அபராதம் போட்டுடுவோம்."

ஹவல்தார் சிரித்துவிட்டார். ஆனால் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. "நாளைக்குக் கோர்ட்டுக்கு அனுப்புறோம். போனா வருஷக்கணக்குல உள்ளதான்."

ஜோகனி ஓரடி முன்னால் வந்தாள். "எங்க வனக்குழுத் தலைவரைக் கேளுங்க சாப். அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொல்லி வாய் மூடவில்லை, மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தலைவர் பிஸ்ராம். இந்தக் கோல் முறையை ஊருக்குக் கொண்டு வந்தவரே அவர்தான். ஜோகனிக்குப் போன உயிர் திரும்பியது. கோலை அவர் கையில் திணித்தாள்.

"சொல்லுங்கண்ணே. இன்னிக்கு எங்க முறைதான்னு."

பிஸ்ராம் லௌடன் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னுமா இவங்ககிட்ட சொல்லல?" என்றார் ஹவல்தார். "இனிமே எல்லை ஓடையைத் தாண்டி உங்க காட்டுக்குள்ளயும் ரோந்து வருவோம்னு முந்தாநாளே உங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னா விடியறதுக்குள்ள ஆளாளுக்குக் கோடாலியோட இறங்கிடுவாங்க சாப். ஒரு மரம் மிஞ்சாது."

"என்னத்தைண்ணே சொல்லல?"

பிஸ்ராம் தரையைப் பார்த்தே பேசினார். "மழைக்காலத்துக்கு முன்னாடியே நம்ம காட்டைப் பூங்காவோட சேர்த்துட்டாங்கம்மா. இப்ப அதுக்குள்ள கால் வைக்கிறவன் எல்லாம் திருடன்."

கட்டிய கைகளோடு லௌடன் மெல்லத் தலை நிமிர்ந்தான்.

"நேத்து உங்க முறையாச்சே. நீங்க காவலுக்குப் போனீங்களா, தலைவரே?"

"போகல," என்றார் பிஸ்ராம். "கோலை மட்டும் உன் வாசல்ல சாய்ச்சுட்டு வந்துட்டேன்."