வெளிச்சம் பார்த்த படங்கள்

கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் நடுவில் அவருக்கு 'பேக்கப் அண்ணன்' என்று பெயர். சங்கக் கூட்டம் எதுவானாலும் மைக்கைப் பிடித்துவிடுவார். "ஒவ்வொரு படத்துக்கும் மூணு காப்பி வைங்கப்பா. ரெண்டு காப்பி வேற வேற டிஸ்க்ல, ஒண்ணு வேற வீட்டுல. வீடே தீப்பிடிச்சாலும் படம் பிழைக்கணும்." அதோடு விடமாட்டார். எடுத்தவர் பெயரும் உரிமையும் படத்துக்குள் தானாகப் பதிகிற மாதிரி கேமராவை எப்படி அமைப்பது என்று இன்னொரு அரைமணி ஓட்டுவார். எதிரே கொட்டாவி விட்ட அதே ஆட்கள்தான், டிஸ்க் படுத்துவிட்டால் முதல் போன் அவருக்குப் போடுவார்கள். அழிந்த படத்தைத் தோண்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவர் மனைவி இறந்து இரண்டு மாதமாகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவள், நடந்து திரும்பவில்லை.

மகள் வேலை பார்ப்பது தூரத்து ஊரில். ஒரு நாள் காலையில் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா படம் ஒண்ணு அனுப்புங்க. நல்லதா."

"ஐடி கார்டுல இருக்கறது உன்கிட்ட இருக்கேம்மா?"

"அது அம்மாவாப்பா? போலீஸ்ல பிடிச்சிட்டுப் போனவங்க மாதிரி முழிச்சிட்டிருக்காங்க." சொல்லிவிட்டுச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். "முகம் மறந்துட்டே வருதுப்பா. குரல் கேக்குது. மூக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சா வரமாட்டேங்குது. பயமா இருக்கு."

அவளுடைய போன் போன வருஷம் தண்ணீரில் விழுந்து, அதிலிருந்த அத்தனையும் போய்விட்டது. பேக்கப் அண்ணன் மகளுக்கு பேக்கப் கிடையாது! ஊரைக் கூட்டித் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தின மனுஷன், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நம்ம வீட்டுல படத்துக்கா பஞ்சம்? சாயங்காலத்துக்குள்ள அனுப்புறேன்மா," என்றார்.

உட்கார்ந்து தேடினார். டிஸ்க் டிஸ்க்காக ஊரார் வீட்டு மாமிகளும் சித்திகளும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று இடத்தில் பத்திரம். அவர்களுடைய கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று வருஷக்கணக்காகிறது. சொந்தக்காரர் விசேஷங்களைத் திறந்தார். அங்கே அவள் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியாக நின்றாள். கேமராவைத் திருப்பினாலே, "என்னை விடுங்க, அவங்களை எடுங்க," என்று விலகிவிடுவாள். அவரும் விட்டுவிடுவார். கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தாமல் இருப்பதுதான் அவருக்கும் வசதியாக இருந்தது.

மதியத்துக்கு மேல்தான் பொறி தட்டியது. வெளிச்சம் பார்க்கும் படங்கள்! எந்தக் கல்யாணத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார். மணமக்கள் மேடைக்கு வருமுன், பெண் நிற்கப்போகிற இடத்தில் அவளை நிறுத்தி, சோதனைக்குப் படம் எடுத்துப் பார்த்து விளக்குகளைச் சரிசெய்வார். "நில்லு. கொஞ்சம் இடது பக்கம். ம், போதும்." வருஷக்கணக்காக இதே கதை. அவர் வாழ்க்கையில் அவளை எடுத்த அளவுக்கு வேறு யாரையும் படம் எடுத்ததில்லை. அந்தந்தக் கல்யாணத்தன்றே, காப்பி எடுப்பதற்கு முன்னால், முதல் வேலையாக அழித்ததும் அந்தப் படங்களைத்தான். "குப்பையை எதுக்குங்க மூணு இடத்துல சேர்த்து வைக்கணும்?" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டல்கூட விழுந்தது.

பழைய மெமரி கார்டுகளை அவர் தூக்கிப் போடுவதில்லை. ஓய்வு கொடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு வைப்பார். ஒவ்வொன்றாகக் கணினியில் செருகி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். முதல் கார்டில் ஒன்றும் தேறவில்லை. அடுத்ததில் வெறும் கோடுகள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். கடைசியாக ஒரு கார்டில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் வந்து விழுந்தன. பூ அலங்காரத்துக்கு முன்னால் ஒரு பெண் உருவம். அவள்தான். பெரிதாக்கினார்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற அட்டை இருந்தது.

நிறம் சரியாக வர, முதல் படத்தில் அந்த அட்டையைக் காட்டவேண்டும். முகத்தில் விழுகிற வெளிச்சம்தான் கணக்கு, அதனால் முகத்துக்கு நேராகப் பிடி என்று பழக்கியதே அவர்தான். பழக்கினபடியே அவள் பிடித்திருக்கிறாள். அவர் பார்த்ததெல்லாம் அட்டையைத்தான். அதற்குப் பின்னால் அவள் முகம் மறைந்திருப்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

அடுத்த படத்துக்குப் போனார். அட்டை. அதற்கடுத்ததிலும் அட்டை. கார்டு மாற மாற, பின்னால் திரைச்சீலை மாறியது, பூக்கள் மாறின. அட்டைக்கு மேலே வகிட்டில் நரை ஏறிக்கொண்டே வந்தது. ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மெலிந்துகொண்டே வந்தன. கை வலித்து ஒருமுறையாவது இறக்கியிருப்பாளே என்று, இருந்த அத்தனை கார்டுகளையும் துருவினார். இறக்கவில்லை. அவர் 'போதும்' என்ற பிறகுதான் இறக்குவாள். அதற்குள் அவர் கேமராவை வேறுபக்கம் திருப்பியிருப்பார்.

கணினியை அணைக்கக்கூடத் தோன்றாமல், அந்த மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் மகள் போன் வந்தது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், ஒரு படத்தை அனுப்பியும் வைத்தார். அவள் அதைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாப் படத்துலயும் இப்படித்தானாப்பா?"

"ஆமாம்மா."

"அட்டை வேலை முடிஞ்சப்புறம், அதைக் கீழ வச்சிட்டு நில்லுன்னு ஒரு தடவைகூட நீங்க சொல்லலையா?"

"இல்லம்மா," என்றார்.