இரண்டாவது கையெழுத்து

எங்கள் பறவைக் குழுவில் ஒரு விதி உண்டு. ஒரு பறவையைக் கண்டதாகவோ அதன் குரலைக் கேட்டதாகவோ பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கண்டது பின்பக்கங்களில், ‘உறுதி செய்யப்படாதவை’ என்ற தலைப்பின் கீழ் போகும். பதிவேட்டை எழுதுவது என் பொறுப்பு. பகலில் நகல் கடையில் வேலை, மாலையில் வகுப்பு, ஞாயிறு காலையில் கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் ஏரி. என் எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லித்தான் பொறுப்பைக் கொடுத்தார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பின்பக்கங்களில் பெரும்பாலும் ஒரே பெயர்தான். வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவும் உதவியாளர். முதுகுக்குப் பின்னால் ‘குடுவை’, முகத்துக்கு நேரே ‘குடுவை அண்ணே’. பதினோரு ஆண்டுகளாக, வேலைக்குப் போகுமுன் தினமும் தனியாக ஏரிக்கரையில் நிற்பவர். தனியாக நின்றால் இரண்டாவது கையெழுத்து எங்கிருந்து வரும்? நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். முன்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஞாயிறு எல்லாரும் சேர்ந்து பார்ப்பதற்கும் அவர் பெயருக்குக் கீழே யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

அவருடன் போக யாருக்கும் பிடிக்காததற்குக் காரணமும் இருந்தது. எல்லாரையும் திருத்துவார். “அது கொக்கு இல்ல தம்பி. கால் நிறத்தப் பாரு. பாத்துட்டு வாயத் திற” என்பார். பையன்கள் சும்மா விடுவார்களா?

“குடுவை அண்ணே, நேத்து எங்க ஹாஸ்டல் மாடியில ஒரு டைனோசர் பாத்தேன். எழுதிக்கலாமா?”

“ரெண்டாவது ஆள் பாத்தாங்களா?” என்று அவர் நிதானமாகக் கேட்பார். கிண்டல் என்று புரியாமல் கேட்கிறாரா, புரிந்தே கேட்கிறாரா என்று என்னால் கடைசி வரை முடிவுசெய்ய முடியவில்லை.

என்னிடம் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் முன்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வார். “ஒரே ஒரு வரி தங்கச்சி. இதுல என் பேரு ஒரு வரி ஏறிட்டாப் போதும். ஒரு நாள் காலையில என்கூட வாயேன்.” கடை இருக்கிறது அண்ணே என்பேன். கடை திறப்பது ஒன்பது மணிக்கு. அவர் ஏரிக்குப் போவது ஆறு மணிக்கு.

இந்த ஆண்டு ஏரிதான் ஊரின் பேச்சு. வடக்குப் பகுதியை மூடி வாகன நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்று கல்லூரி கேட்டது. கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சுவரொட்டி ஒட்டியது. கேன்டீனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டார்கள். கத்தியவர்களில் பாதிப் பேர் ஏரியைப் பார்த்ததே இல்லை.

எங்கள் குழுவின் செயலாளர் மூன்றாம் ஆண்டு மாணவன். வாய் ஓயாததால் ‘மைக்’ என்று பெயர். ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்புக்கு முன்னால், கேன்டீனில் எனக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தான். பகல் வகுப்பு ஆள் ஒருவர் எனக்கு இடம் பிடித்து வைத்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு ஒரு சின்ன தமாஷ்,” என்றான். “நாணல் நாரை தெரியும்ல? உருவம் காட்டாது, சத்தம் மட்டும்தான். காலி பீப்பாய்க்குள்ள ஊதுற மாதிரி. போன்ல இருக்கு. ஸ்பீக்கரைப் பையில கட்டி நாணலுக்குள்ள வச்சாச்சு.”

“எதுக்கு?”

“குடுவை மூஞ்சியப் பாக்கத்தான். நீ சிரிக்காம இரு, போதும். உன் மூஞ்சி எப்பவும் இழவு வீட்டு மூஞ்சிதானே, கஷ்டமே இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு நாணலுக்குள்ளிருந்து அந்த ஒலி வந்தது. குடுவை அண்ணன் ஒரு கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். “மூச்சு விடாதீங்க,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் மைக் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். நான் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன்: ஆறு இருபது முதல் ஆறு நாற்பத்தொன்று வரை. இடைவெளி பன்னிரண்டு வினாடி. மாற்றமில்லை.

ஒலி நின்றதும் அவர் திரும்பினார். கண்கள் ஈரமாக இருந்தன. “எல்லாரும் கேட்டீங்கல்ல? யாரு கையெழுத்துப் போடுறீங்க?”

“பதிவேடு யாருகிட்ட இருக்கோ அவங்கதான் போடணும். அதுதான் முறை,” என்றான் மைக்.

அப்படி ஒரு முறை கிடையாது. அது எனக்குத் தெரியும். முன்பக்கத்தைத் திறந்து எழுதினேன். அவர் முதலில் கையெழுத்திட்டார், கீழே நான். என் கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதலாமா என்று யோசித்தேன். நடுங்கவில்லை.

தமாஷ் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் குடுவை அண்ணன் வாரப் பத்திரிகைக்குப் போய்விட்டார். தொலைநோக்கியுடன் அவர் படம் வந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார். “இருபது காப்பி தங்கச்சி. ஒண்ணு மட்டும் லேமினேட். ஓரம் சுருங்காமப் பாத்துக்க, வீட்ல மாட்டணும்.” ஓரம் சுருங்காமல்தான் செய்து கொடுத்தேன்.

குடியிருப்போர் சங்கம் விடுமா? அபூர்வப் பறவை, இரண்டு சாட்சி, முறையான பதிவு என்று, ஏரி விவகாரத்தை விசாரிக்கும் நகராட்சி அதிகாரிக்கு மனு கொடுத்தது. வியாழக்கிழமை நகராட்சி மண்டபத்தில் விசாரணை என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த அன்றே மைக் கல்லூரிப் பதிவாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“என் டிகிரி எனக்கு முக்கியம்,” என்று போனில் சொன்னான். “நீயும் வந்து உண்மையைச் சொல்லிடு. உன் சர்டிபிகேட்டும் அவங்க கையிலதான் இருக்கு.”

குடுவை அண்ணனுக்கு முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. புதன்கிழமை மதியம் ஆய்வகத்துக்குப் போனேன். தொட்டியில் முழங்கை வரை நுரை. நின்றபடியே முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். ஸ்பீக்கர், பை, நாற்காலி, கையெழுத்து. கண்ணாடி உடையாமல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டார்.

“யாரு அனுப்பினா உன்ன?”

“யாரும் அனுப்பலண்ணே.”

“பகல் வகுப்புல சீட்டுத் தரேன்னாங்களா?”

“சத்தியமா இல்லண்ணே. அது ஸ்பீக்கர். நாளைக்கு வராதீங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.”

“பதினோரு வருஷம் கேட்ட காது இது. இது பொய் சொல்லாது. நீ சொல்லுவ.” துண்டில் கையைத் துடைத்தார். “போம்மா, கடைக்கு நேரமாச்சு.”

தங்கச்சி என்று சொல்லவில்லை என்பதைப் படியிறங்கும்போதுதான் கவனித்தேன்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. குடுவை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவர் மனைவி முதல் வரிசையில், லேமினேட் செய்த பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து நன்றாகத்தான் பேசினார். நாள், நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் சொன்னார். “நானே கேட்டேன்யா. சந்தேகமே இல்ல,” என்று முடித்தார். கைதட்டினார்கள்.

பதிவாளர் என்னை அழைத்தார். “உங்க குறிப்பை நீங்களே படிங்க.”

படித்தேன். பன்னிரண்டு வினாடி, மாற்றமில்லை.

“இருபத்தோரு நிமிஷம், ஒரு வினாடி பிசகாமக் கத்துற பறவை எங்கயாவது உண்டா?”

“தெரியாது சார்.”

“தெரியாதா?”

“இல்ல சார். அது பறவை இல்ல.”

மைக் மேடைக்கு வந்து அந்தக் கறுப்பு ஸ்பீக்கரை அதிகாரியின் மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். மண்டபத்துக்குள் நாணல் நாரை கூவியது. குடுவை அண்ணன் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. முகம் மலர்ந்தது. ஒரு கைகூட உயர்ந்தது, எல்லாரையும் பேசாமலிருக்கச் சொல்வதுபோல.

அதைப் பார்த்துத்தான் சிரிப்பு கிளம்பியது. முதலில் பின்வரிசை, பிறகு மண்டபம் முழுக்க. அதிகாரிகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். குடியிருப்போர் சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. “எங்க மானத்தையும் சேத்து வாங்கிட்டியேய்யா,” என்றார் குடுவை அண்ணனிடம். அவர் கை இன்னும் முழுவதும் இறங்கியிருக்கவில்லை. மனைவி எழுந்து அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். “வாங்க போலாம்,” என்றார். லேமினேட் பக்கம் நாற்காலியிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். மைக்தான் தீர்மானம் படித்தான். ஒரு பதிவு பொய்யென்று ஆனதால், குடுவை அண்ணனின் உறுதி செய்யப்படாத பதிவுகள் அனைத்தும் நீக்கப்படும். “விதின்னா விதிதான் அண்ணே. உங்கமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.” என் கையெழுத்தைப் பற்றியோ ஸ்பீக்கரைப் பற்றியோ யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

குடுவை அண்ணன் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். வந்திருந்தார். தன் சொந்த நோட்டையும் கொண்டுவந்திருந்தார்.

“நான் தேதி படிக்கிறேன். நீ பாத்து அடி,” என்றார் என்னிடம். “ஒண்ணு கிடக்க ஒண்ண அடிச்சிடாத. வேற ஆளுங்க பதிவும் அதுல இருக்கு.”

படிக்கத் தொடங்கினார். நான் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டேன். ஐம்பது தாண்டியதும் பையன்கள் போனை எடுத்துக்கொண்டார்கள். நூறு தாண்டியதும் அவர் குரல் கம்மியது. தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

நூற்று அறுபத்திரண்டாவது பதிவில் நிறுத்தினார். போன ஆண்டு, மழை நாள், காலை எட்டே கால். மீன்பிடிப் பருந்து ஒன்று, காலில் மீனுடன்.

எனக்கு அந்தக் காலை தெரியும். ஏரிப் பாலத்தின் மேல் பகல் வகுப்புப் பெண்கள் இரண்டு பேருடன் குடைக்குள் நடந்துகொண்டிருந்தேன். பருந்து எங்கள் தலைக்கு மேல்தான் போனது. மீன் துடித்ததுகூடத் தெரிந்தது. கீழே கரையில் இவர் நனைந்துகொண்டு நின்றார். என்னைப் பார்த்து, மேலே கையைக் காட்டி, பாத்தியா பாத்தியா என்று கத்தினார். யார் அது என்று பெண்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

இப்போது அவர் தேதியைப் படித்துவிட்டு நோட்டிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

“என்னாச்சு, அடுத்தது?” என்றான் மைக், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்கேலை அந்த வரியின் மேல் வைத்தேன். சற்றுக் கோணலாக இருந்தது. நேராக்கிக்கொண்டு அடித்தேன்.